முதலில் உட்கார்ந்து பேச வேண்டும்

பேத்தி பிறந்த செய்தி வந்தபோது மாமனார் ஆஸ்பத்திரியின் பின் கேட்டில் நின்று அழுக்குத் துணி மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். மாடி ஜன்னலைத் திறந்து ஹெட் நர்ஸ்தான் சத்தம் போட்டுச் சொன்னார்.

"டிரைவரே! பொண்ணு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!"

கையில் இருந்த மூட்டையைக் காவலாளியின் காலடியில் அப்படியே போட்டுவிட்டு அவர் படிக்கட்டைப் பார்த்து ஓடினார். அந்தக் காவலாளிக்கு முகத்தைவிட மீசை பெரிது. அதனால் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் மீசைதான்.

"யோவ், இதையெல்லாம் யாருய்யா ஏத்துறது?"

"நீ ஏத்து. நான் இன்னிலேருந்து தாத்தா. தாத்தா எல்லாம் மூட்டை தூக்க மாட்டாங்க."

முட்டி வலிக்கிறது, மாடி ஏற முடியாது என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், இரண்டிரண்டு படியாகத் தாவினார். பிரசவ வார்டில் மருமகள் சோர்ந்துபோய்ப் படுத்திருந்தாள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணிச் சுருள். அதற்குள் சிவந்த முகம் ஒன்று. கண்ணைத் திறக்காமலே உலகத்தின் மேல் கோபமாக இருந்தது.

"அப்படியே என் அம்மா முகம்" என்றார் மாமனார். குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்கத் துணியைச் சரிசெய்வதுபோலக் குனிந்தார். துணியின் மூலையில் நீல மையில் ஆஸ்பத்திரி முத்திரை இருந்தது. வட்டத்தில் பாதிதான் இருந்தது.

"என்னம்மா, முத்திரை பாதிதான் இருக்கு? மீதி எங்க?"

"மீதி இந்நேரம் வேற ஒரு குழந்தை மேல இருக்கும் மாமா" என்று கண்ணை மூடியபடியே சிரித்தாள் மருமகள்.

அந்தப் பாதி முத்திரையால் வந்த வினையைச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு பெரிய ஓட்டலின் அடித்தளத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலையில் இருந்தாள். சூரியனைப் பார்க்காத வேலை. மாமனாரின் மகன் அங்கே பாய்லர் ரிப்பேர் பார்க்கப் போனான். அவன் பேச்சைக் காசு கொடுத்து வாங்க வேண்டியவன் மாதிரி எண்ணி எண்ணிச் செலவழிப்பவன். அப்படிப்பட்டவன் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "ஒரு பொண்ணு இருக்கு" என்று மூன்று வார்த்தை சேர்த்துச் சொன்னான். அப்போதே மாமனாருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

வந்த கொஞ்ச காலத்திலேயே மருமகள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அதில் மாமனாரின் பழைய லாரி நின்றிருந்தது. அது ஓடி ரொம்ப நாளாகிவிட்டது. ஆனாலும் தினமும் துடைப்பார்.

"மாமா, இந்த லாரிய வித்துட்டா என்ன?"

"என்னையும் சேத்து வித்துடு."

"உங்கள விக்க மாட்டேன். உங்களுக்கு வேலை இருக்கு."

லாரி போனது. அந்த இடத்தில் இரண்டு பழைய சலவை இயந்திரமும், மகன் ஒட்டுப்போட்டு உயிர்கொடுத்த ஒரு பாய்லரும் வந்தன. கூடவே ஒரு சின்ன வேன். லாரி ஓட்டிய கைக்கு வேன் ஸ்டியரிங் பொம்மை மாதிரி இருக்கிறது என்று மாமனார் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே போய் வேனின் இரண்டு பக்கமும் 'சலவை' என்று பெரிதாக எழுதி வாங்கி வந்தார். லாரியை விற்று, அந்த லாரிக்காரரையே டிரைவராக வைத்துக்கொண்ட மருமகள் வேறெங்கே இருக்கிறாள் என்று டீக்கடையில் குறை சொல்வார். கேட்டவர்கள் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதே இல்லை.

அவளுக்கு 'இஸ்திரி' என்று பெயர் வைத்தது ஆஸ்பத்திரிக்காரர்கள். துணியை நன்றாகத் தேய்க்கிறாள் என்பதற்காக இல்லை. அவள் பேச்சில் மடிப்பு இருக்காது. முதுகிலும் வளைவு இருக்காது.

அரசாங்க ஆஸ்பத்திரியின் சலவை ஒப்பந்தம் கிடைத்த அன்று, ஆபீஸ் கிளார்க் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, "இங்க போடும்மா" என்று விரலை வைத்தார். அவள் முதல் பக்கத்துக்குத் திருப்பிவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கிளார்க் சாப்பிடப் போய்த் திரும்பி வந்தார். அவள் பாதியில்தான் இருந்தாள்.

"என்னம்மா, பரீட்சைக்கா படிக்கிற?" என்றார் மாமனார். அவருக்குப் பசி.

"இதக் கேளுங்க மாமா. ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதாவது தகராறு வந்தா முதல்ல ஒரு மத்தியஸ்தர் முன்னாடி உக்காந்து பேசணுமாம். பேசி முடியற வரைக்கும் வேலை நிக்கக் கூடாதாம். அங்க பேசினது வெளிய போகக் கூடாதாம். அதுக்கப்புறமும் சரி வரலன்னாதான் ரத்தாம்."

"சண்டை வந்தா என்ன பண்றதுன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே எழுதி வெச்ச மாதிரி இருக்கே!"

"அப்படி எழுதி வெச்சிருந்தா பாதி வீட்ல சத்தமே கேக்காது மாமா."

கையெழுத்துப் போட்டாள். வேலை ஆரம்பமானது. விடிந்தும் விடியாமல் மாமனார் பின் கேட்டில் நிற்பார். வார்டுத் துணி ஒரு மூட்டை, ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணி தனி மூட்டை, தொற்று வார்டுத் துணி மஞ்சள் பையில். மஞ்சள் பையை அவள் வேறு யாரையும் தொட விடமாட்டாள். கையுறை மாட்டிக்கொண்டு அவளே பிரித்து, தனித் தொட்டியில் மருந்து போட்டு ஊறவைப்பாள். ஷெட்டுக்குள் நுழைந்தால் நீராவியும் சோப்பு வாசனையும் மூக்கில் ஏறும். மடிக்கிற பெண்கள் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று விரிப்பை உதறும் சத்தம் புறாக்கூட்டம் பறப்பதுபோல இருக்கும். ஊர்வம்பு முழுவதும் அந்த உதறலில்தான் கைமாறும்.

படுக்கை விரிப்பு எப்போதும் நடுவில்தான் கிழியும். மனிதர்கள் புரண்டு படுக்கிற இடம் அது. ஓரங்கள் புதுசு போலவே இருக்கும். கிழிந்ததை அப்படியே ஸ்டோரில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஆஸ்பத்திரி வழக்கம். ஸ்டோரில் அவை மலைபோல் குவிந்து எலிக்கு மெத்தையாகும். கிழிந்த துணியைக் கிழிந்தபடி திருப்பிக் கொடுப்பது மருமகளுக்கு மானக்கேடாக இருந்தது. சலவைக்காரர்களில் சில பேருக்கு இந்த வியாதி உண்டு. கைக்கு வந்த துணி ஒன்றுக்கும் உதவாமல் போகக்கூடாது.

ஒருநாள் பிரசவ வார்டில் ஹெட் நர்ஸ் அங்கலாய்த்தார். குழந்தைகளைச் சுற்றத் துணி போதவில்லை, கேட்டு எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது, பெற்றவர்கள் கொண்டுவருகிற துண்டில் சுற்றிக் கொடுக்கிறோம் என்று. அன்றே மருமகள் கிழிந்த விரிப்பின் ஓரங்களை வெட்டி, மடித்துத் தைத்து, கொதிநீரில் வெளுத்து ஒரு கட்டு அனுப்பினாள். பூப்போன்ற துணி. ஹெட் நர்ஸ் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் இருக்கா?" என்று கேட்டார். அவ்வளவுதான். இவளும் யாரிடமும் கேட்கவில்லை, அவரும் யாரிடமும் சொல்லவில்லை. நல்லதுதானே செய்கிறோம் என்று இரண்டு பேருக்கும் எண்ணம். அதிலிருந்து அந்த ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகளெல்லாம் முத்திரை பாதி தெரிய வீட்டுக்குப் போயின.

பேத்திக்குத் தொப்புள்கொடி விழுந்த வாரம் அந்தக் கடிதம் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் புது நிர்வாக அதிகாரி வந்திருந்தார். வந்ததும் முதல் வேலையாக ஸ்டோரைத் திறந்து துணிக் கணக்கு எடுத்தார். படுக்கை விரிப்புக் கணக்கில் பெரிய துண்டு விழுந்தது. அரசாங்கச் சொத்து காணாமல் போனதற்காகச் சலவை ஒப்பந்தம் உடனடியாக ரத்து என்று கடிதம் சொன்னது. மாமனாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகன் பாய்லர் வால்வை மூடிவிட்டு வந்து திகைத்து நின்றான். மடிக்கிற பெண்கள் உதறுவதை நிறுத்திவிட்டார்கள்.

மருமகள் குழந்தைக்குப் பால் கொடுத்து முடித்து, தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் வரவைத்து, அதற்குப் பிறகுதான் கடிதத்தை வாங்கிப் படித்தாள்.

"திருடின்னு எழுதியிருக்கான்" என்றார் மாமனார்.

"காணோம்னு எழுதியிருக்காங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே! நாளைக்கே போய்ச் சொல்லிடலாம்மா. துணியெல்லாம் பிரசவ வார்டுல இருக்கு, போய்ப் பாருய்யான்னு ஒரு வார்த்தை. முடிஞ்சுது."

"சொன்னா முதல்ல யார் கழுத்து மாட்டும் மாமா?"

மாமனாருக்கு அப்போதுதான் உறைத்தது. கணக்கில் இல்லாத துணியை வார்டில் வாங்கி வைத்தது ஹெட் நர்ஸ். ஓய்வு பெறப் போகிற வருஷம். கவுன்ட்டரில் நின்று சொன்னால் அது விசாரணை, விளக்கம், மெமோ என்று அவர் தலையில்தான் விடியும். பென்ஷனைப் பிடித்து நிறுத்திவிடுவார்கள்.

"அப்போ நாம என்ன பண்றது?"

"ஒப்பந்தத்துல எழுதியிருக்கறதப் பண்றது. முதல்ல உக்காந்து பேசணும். அங்க பேசினா அது அந்த அறைய விட்டு வெளிய வராது. வேற எங்கயும் நான் வாயத் திறக்கப் போறதில்ல."

மத்தியஸ்தம் வேண்டும் என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். பதில் இல்லை. இன்னொன்று அனுப்பினாள். கிளார்க்தான் போனில் கூப்பிட்டார். அந்தப் பிரிவெல்லாம் விலைத் தகராறு வந்தால்தானாம், துணி காணாமல் போனதில் பேச ஒன்றும் இல்லையாம். வேண்டுமானால் கவனக்குறைவால் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டால் அதிகாரியிடம் சொல்லிப் பார்க்கிறாராம்.

"தொலையாத துணியத் தொலைச்சேன்னு எப்படிங்க எழுதறது?" என்றாள் மருமகள். "என் பொண்ணு படிக்கற வயசு வந்ததும் அதப் படிச்சா?"

அடுத்தநாள் காலையில் அவள் சொன்னதைக் கேட்டு மாமனாருக்குத் தலை சுற்றியது. வேனை எடுத்துக்கொண்டு வழக்கம்போல பின் கேட்டுக்குப் போக வேண்டுமாம்.

"ரத்து பண்ணிட்டாங்களேம்மா!"

"பேசி முடியற வரைக்கும் வேலை நிக்கக் கூடாதுன்னு ரெண்டு பேரும்தான் கையெழுத்துப் போட்டோம். அவங்க போட்டத அவங்க மறக்கலாம். நம்ம கையெழுத்த நாம மறக்கக் கூடாது."

போனார். மீசை கேட்டுக்குள் நின்றுகொண்டு கையை விரித்தார்.

"துணி குடுக்கக் கூடாதுன்னு ஆர்டர்யா. பெரிய ஊரு கம்பெனி லாரி வருது. நீ எதுக்கு வந்த?"

"வேலைக்கு வந்தேன்."

"வேலைதான் இல்லையே!"

"அது உங்க கணக்கு. எங்க கணக்குல இருக்கு."

"உனக்குக் கழண்டுடுச்சாய்யா?"

"எனக்கு இல்ல. எங்க வீட்ல ஒருத்திக்கு எதுவும் கழலவே மாட்டேங்குது. அதான் தொல்லை."

தினமும் இதே நாடகம். வெறும் வேன் வரும், கொஞ்ச நேரம் நிற்கும், வெறும் வேனாகவே திரும்பும். மீசை முதலில் கிண்டலடித்தார், பிறகு டீ வாங்கிக் கொடுத்தார். பேத்தி இன்றைக்குக் கொட்டாவி விட்டாள், பேத்தி கட்டைவிரலைப் பிடித்தாள் என்று மாமனார் சொல்வதையெல்லாம் வேறு வழியில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஷெட்டில் வெளிக் கடைத் துணி கொஞ்சம் வந்தது. எல்லோருக்கும் போதவில்லை. மடிக்கிற பெண்களில் இருவர் வேறு இடம் பார்க்கப் போனார்கள். மருமகள் அவர்களை வாசல்வரை வந்து வழியனுப்பினாள். திரும்பி நடந்தபோது அவள் முதுகு நேராகத்தான் இருந்தது. முகத்தை மட்டும் யாரும் பார்க்கக் கொடுக்கவில்லை. அதை மாமனாரால் தாங்க முடியவில்லை.

அவளிடம் சொல்லாமல் அவர் அதிகாரியின் அறைக்குப் போனார்.

அறையில் ஒரு மேசை விசிறி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி அடாவடி ஆசாமி இல்லை. உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்.

"பெரியவரே, உங்க மருமக மேல எனக்குக் கோபம் ஒண்ணும் கிடையாது. இதுக்கு முன்னாடி இருந்த இடத்துல போர்வைய மூட்டை மூட்டையா வெளிய வித்துட்டாங்க. பேப்பர்ல கையெழுத்து என்னோடது. விளக்கம் எழுதி எழுதியே தலைமுடி போச்சு, பாருங்க." குனிந்து காட்டினார். உண்மையிலேயே போயிருந்தது. "சொல்லுங்க. அந்த விரிப்பெல்லாம் எங்க போச்சு? எங்கேன்னு மட்டும் சொல்லிடுங்க. இப்பவே கடிதத்த வாபஸ் வாங்கறேன்."

மாமனாரின் நாக்கு நுனியில் பதில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரே ஒரு மாடி மேலே. ஜன்னல் வழியாகவே கையைக் காட்டலாம். காட்டினால் நாளைக்கே வேன் நிறையும், பாய்லர் கொதிக்கும், போன பெண்கள் திரும்பி வருவார்கள். விசிறி அவர் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் போய், மறுபடியும் திரும்பியது.

"எனக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும் சார்" என்று எழுந்துவிட்டார்.

வீட்டுக்குள் நுழைவதற்குள் சேதி முந்திக்கொண்டுவிட்டது. மீசைக்கு வாய் நிற்காது.

"மாமா, ஆபீசுக்குப் போனீங்களா?"

"சும்மா... அந்தப் பக்கமா போனேன்."

"நீங்க போய்க் கைகட்டி நின்னா நான் தப்புப் பண்ணினேன்னு ஆகாதா? நான் இங்க தலை நிமிந்து நிக்கறேன், நீங்க அங்க எனக்காகக் குனிஞ்சா எப்படி மாமா?" அவள் குரல் உயர்ந்து அவர் கேட்டதே இல்லை. குழந்தை திடுக்கிட்டு அழுதது. அதைத் தட்டிக்கொண்டே, குரலை இறக்கிக் கேட்டாள்: "சொல்லிட்டீங்களா?"

"இல்லம்மா. கேட்டாரு. வாய் வரைக்கும் வந்துது. முழுங்கிட்டேன்."

 அவள் குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். சர்க்கரை ஒரு கரண்டி கூடுதலாக இருந்தது. டாக்டர் வேண்டாம் என்று சொன்ன சர்க்கரை அது. மாமனார் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் காலையில் பின் கேட்டில் ஒரே அமளி. பெரிய ஊர் கம்பெனியின் லாரி வழியில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. வெளுத்த துணியெல்லாம் அதற்குள். தியேட்டரில் ஆபரேஷனுக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள், பச்சைத் துணி ஒரு செட்டுக்கு மேல் இல்லை. அழுக்குத் துணி மட்டும் கேட்டருகே மலையாகக் கிடந்தது. அதிகாரியே இறங்கி வந்து போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். திட்டிக்கொண்டே திரும்பியவர் கண்ணில் பட்டது, 'சலவை' என்று எழுதிய காலி வேன்.

"நீங்க எப்படி இங்க?"

"தினமும் வர்றாரு சார்" என்றார் மீசை.

"எதுக்கு?"

"அவருக்கே தெரியாது சார். மருமக அனுப்புது."

அதிகாரி நெற்றியைத் தேய்த்தார். "பெரியவரே, இன்னிக்கு ஒருநாள் இந்தத் துணிய எடுத்துக்க முடியுமா?"

மாமனார் போனை எடுத்து மருமகளைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துப் பிடித்தார். பின்னால் குழந்தை சிணுங்குவதும் கேட்டது. விஷயத்தைச் சொன்னதும் அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"மாமா, முதல்ல பச்சைத் துணிய ஏத்துங்க. மஞ்சள் பைய அப்புறம் பாத்துக்கலாம். உங்க பையன்கிட்ட பாய்லரப் பத்த வைக்கச் சொல்றேன்."

அதிகாரி போன் பக்கம் குனிந்தார். "நன்றிம்மா."

"சார், வணக்கம். துணி மதியத்துக்குள்ள தியேட்டர்ல இருக்கும். நீங்க என்ன முடிவு எடுத்தாலும் இருக்கும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. படுத்திருக்கறவங்க நம்ம தகராறுக்காகக் காத்திருக்கக் கூடாது."

"சரிம்மா..."

"நான் கேக்கறது ஒண்ணுதான். பேசறதுக்கு முன்னாடி ரத்து பண்ண மாட்டோம்னு நீங்களும் நானும் ஒத்துக்கிட்டோம். உங்களுக்கு முன்னாடி இருந்தவர் போட்ட கையெழுத்துதான், ஆனா நாற்காலி அதே நாற்காலி. என்னை உக்கார வெச்சுக் கேளுங்க சார். கேட்டதுக்கப்புறமும் ரத்துதான்னா நான் ஒரு வார்த்தை பேசாமப் போயிடறேன்."

 மீசையின் மீசைகூட அசையவில்லை. மாமனார் மட்டும் போனைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார், மாடியில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்பதுபோல.

அதிகாரி துணிமலையைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். "மத்தியஸ்தருக்கு இன்னிக்கே எழுதறேன்" என்றார்.

பச்சைத் துணி மதியத்துக்கு முன்பே திரும்பியது. சூடு ஆறாமல் வந்தது. மகன் பாய்லரைத் திட்டித் திட்டி வேலை வாங்கியிருந்தான். அவன் வருஷத்துக்கும் சேர்த்து அன்றைக்குப் பேசிவிட்டான் என்று பெண்கள் சிரித்தார்கள்.

மத்தியஸ்தர் வயதான ஒரு வக்கீல் அம்மாள். அவர் அறைக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே பேசுவது தெரியும், கேட்காது. மருமகள் வெளுத்துத் தேய்த்த உடையில் நிமிர்ந்து உள்ளே போனாள். அதிகாரி எதிரே உட்கார்ந்தார். மாமனாருக்கு வெளியே பெஞ்சில் இடம், மடியில் பேத்தி, பக்கத்தில் பால் புட்டி, துண்டு, மாற்றுத் துணி நிறைந்த ஒரு பை. போருக்கு அனுப்புவதுபோல அவளை அனுப்பிவிட்டு அவர்தான் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடிக்குள் மருமகள் பேசுவது தெரிந்தது. கையை ஆட்டாமல், மேசையில் வைத்தபடியே பேசினாள். அதிகாரி முதலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு முன்னால் குனிந்தார். வக்கீல் அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டார். அது நல்லதா கெட்டதா என்று மாமனார் பேத்தியிடம் கேட்டார். அவள் வயிற்றை எக்கி ஒரு அழுகை அழுதாள். அந்தக் கண்ணாடிக் கதவு என்ன, தெருக்கோடி வரைக்கும் கேட்டது. புட்டியைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டாள். கதவு திறந்தது. மருமகள் வெளியே வந்து, பக்கத்து அறையில் பால் கொடுத்து, திரும்பவும் அவர் மடியில் விட்டுவிட்டு உள்ளே போனாள். அதுவரைக்கும் அரசாங்கம் காத்திருந்தது. தன் பேத்திக்காக அரசாங்கமே காத்திருந்ததை நினைத்து மாமனாருக்கு உடம்பு சிலிர்த்தது.

அப்போதுதான் வராந்தாவில் யாரோ விறுவிறுவென்று வருவது தெரிந்தது. ஹெட் நர்ஸ். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

மாமனார் பதறி எழுந்தார். "நீங்க எதுக்கு சிஸ்டர் வந்தீங்க? உங்க பேரு வரக் கூடாதுன்னுதானே அவ இத்தனை நாளா..."

"விரிப்பு காணோம்னுதான் ரத்துன்னு மீசை இன்னிக்குத்தான் சொன்னான். என்னைக் கேக்காமலே என்னைக் காப்பாத்தறாளாம்! நான் என்ன பச்சக் குழந்தையா?" மாமனார் கையில் இருந்த நிஜமான பச்சைக் குழந்தையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே மருமகள் தலை குனிவதை மாமனார் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான். உடனே நிமிர்ந்துவிட்டாள். ஹெட் நர்ஸ் பேசினார், மறுபடி மருமகள் பேசினாள். வக்கீல் அம்மாள் ஏதோ கேட்டார். அதிகாரி தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். கடைசியில் அவர் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. ஆனால் தோள் குலுங்கியது.

வெளியே வந்தபோது வக்கீல் அம்மாளே முடிவை வாசித்துக் காட்டினார். துணி எதுவும் காணாமல் போகவில்லை. ரத்துக் கடிதம் வாபஸ். யார் மேலும் நடவடிக்கை இல்லை. இனிமேல் கிழிந்த விரிப்பின் நல்ல பாகத்தைக் குழந்தைத் துணியாக வெட்டித் தைப்பதும் சலவை வேலையில் ஒன்று. ஆனால் ஆபீசில் சொல்லிவிட்டு வெட்ட வேண்டும். கேட்காமல் வெட்டியது தவறு என்று சலவை தரப்பு ஒத்துக்கொள்கிறது, கேட்காமல் ரத்து செய்தது தவறு என்று ஆஸ்பத்திரி தரப்பு ஒத்துக்கொள்கிறது.

இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டார்கள். இந்தத் தடவையும் மருமகள் முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டுத்தான் போட்டாள். அதிகாரி பொறுமையாக நின்றார்.

வேனில் ஏறியதும் மாமனாரால் அடக்க முடியவில்லை. "என்னம்மா பேசின? அந்தாளு ஏன் சிரிச்சான்? சிஸ்டர் என்ன சொன்னாங்க?"

"அது உள்ள பேசினது மாமா."

"என்கிட்ட கூடவா?"

"உங்ககிட்டயும்தான். வெளிய போகக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"நான் வெளி ஆளாம்மா?"

"கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்தானே உக்காந்திருந்தீங்க?" என்று சிரித்துவிட்டு, குழந்தையை வாங்கி அணைத்துக்கொண்டாள். "பின் கேட்டுக்கு விடுங்க மாமா. இன்னிக்குத் துணி காத்துக்கிட்டிருக்கும்."

அவருக்குக் கொஞ்சம் கோபம்தான். இரண்டு தெரு தாண்டுவதற்குள் அந்தக் கோபம் எங்கோ இறங்கிப் போய்விட்டது. மூன்றாவது தெருவில் நெஞ்சு நிமிர்ந்தது. சொன்னால் சொன்னதுதான், மாமனாருக்காகக்கூட ஒரு நூல் விலகமாட்டாள். இப்படி ஒருத்தி தன் வீட்டில் இருக்கிறாள், அவள் பெற்றது இதோ பக்கத்தில் கொட்டாவி விடுகிறது என்று நினைத்தபோது, பொம்மை மாதிரி இருந்த வேன் ஸ்டியரிங் அவர் கையில் பதினாறு சக்கர லாரியின் ஸ்டியரிங் போல இருந்தது.

பின் கேட்டு முழுசாகத் திறந்திருந்தது. மீசை ஓடி வந்து ஜன்னலுக்குள் தலையை விட்டார்.

"ஜெயிச்சாச்சாமே! என்னய்யா பேசினாங்க உள்ள? ஒண்ணு விடாமச் சொல்லு."

மாமனார் இன்ஜினை அணைத்தார். மெதுவாக இறங்கினார். சட்டையைச் சரிசெய்துகொண்டு, எல்லாம் தெரிந்த மனிதரைப் போல அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுய்யா. நீ மூட்டையத் தூக்கு."